கணக்குக்கு முன்னால் வடிவமைப்பு: வணிக மாணவர்களுக்கான சோதனை வழிகாட்டி

வணிகப் படிப்பில் புள்ளியியல் பாடம் பெரும்பாலும் சூத்திரங்களில்தான் தொடங்குகிறது. சராசரி, திட்ட விலக்கம், டி-சோதனை, கை-வர்க்கச் சோதனை என்று வரிசையாகப் படித்துத் தேர்வும் எழுதிவிடுகிறோம். அப்புறம் இறுதியாண்டு ப்ராஜெக்ட் வருகிறது. கையில் அகப்பட்டவர்களிடமெல்லாம் கேள்வித்தாளைக் கொடுத்து நிரப்பி வாங்கி, எக்செல்லில் ஏற்றி முடித்த பிறகுதான் பலர் ஆசிரியரிடம் போய் "இதுக்கு எந்த டெஸ்ட் போடணும்?" என்று கேட்கிறார்கள். அந்த நேரத்தில் அதற்கு நல்ல பதில் கிடைப்பது அரிது. எந்தச் சோதனை என்பது தரவைத் திரட்டுவதற்கு முன்பே முடிவாகியிருக்க வேண்டிய விஷயம்.

இன்று நாம் பயன்படுத்தும் சோதனை வடிவமைப்பு முறைகளுக்கு அடித்தளம் போட்டவர் ரொனால்ட் ஃபிஷர். 1938-இல் கல்கத்தாவில் நடந்த இந்தியப் புள்ளியியல் மாநாட்டில் அவர் இதையே சொன்னார்: சோதனை முடிந்த பிறகு புள்ளியியலாளரை அழைப்பது பிரேதப் பரிசோதனைக்கு அழைப்பது போலத்தான், சோதனை எதனால் செத்தது என்று வேண்டுமானால் அவரால் சொல்ல முடியும். ஆகவே இந்தக் கட்டுரை பாடப்புத்தக வரிசையில் போகாது. ஒரு சோதனையை நடத்தும்போது வேலைகள் எந்த வரிசையில் வருமோ அந்த வரிசையில் போகும்.

உதாரணமாக ஒரு இணையக் கடையை எடுத்துக்கொள்வோம். அதன் பணம் செலுத்தும் பக்கத்தில் நிரப்ப வேண்டிய கட்டங்கள் அதிகம். அவற்றைக் குறைத்தால் வாங்குவோர் கூடுவார்கள் என்று நிர்வாகம் நினைக்கிறது. உண்மையா என்று நாம் கண்டுபிடிக்க வேண்டும்.

படி 1: கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

"புதிய பக்கம் நன்றாக இருக்கிறதா?" என்று கேட்டால் எதை வைத்துப் பதில் சொல்வது? சோதித்துப் பார்க்கக்கூடிய கேள்வியில் நான்கு விவரங்கள் இருக்கும்: எதை மாற்றுகிறோம், யாரிடம், எதை அளக்கிறோம், எவ்வளவு காலம். நம் கேள்வி இப்படி அமையலாம்: "பணம் செலுத்தும் பக்கத்துக்கு வரும் புதிய வாடிக்கையாளர்களுக்குச் சுருக்கமான பக்கத்தைக் காட்டினால், அடுத்த இரண்டு வாரத்தில் அவர்களில் வாங்கி முடிப்பவர்களின் விகிதம் கூடுமா?"

முக்கிய அளவீடு ஒன்றே ஒன்றாக இருக்கட்டும். இங்கே அது வாங்கி முடித்தவர்களின் விகிதம். அதனோடு கண்காணிப்புக்காக ஒன்றிரண்டை வைத்துக்கொள்ளலாம். ஆர்டர் ரத்தாவது கூடுகிறதா, தவறான முகவரியால் பொருள் திரும்பி வருகிறதா என்பது போல. கட்டங்களைக் குறைத்தால் விற்பனை கூடி, முகவரிப் பிழையும் சேர்ந்து கூடலாம். விற்பனையை மட்டும் பார்க்கிறவர் கண்ணில் அது படாது.

இந்தப் படியில் பலரும் விட்டுவிடும் ஒன்று உண்டு. குறைந்தபட்சம் எவ்வளவு வித்தியாசம் தெரிந்தால் இந்த மாற்றத்தைச் செய்வோம்? இப்போது 5% பேர் வாங்குகிறார்கள். அது 5.01% ஆனால் யாரும் பக்கத்தை மாற்றப் போவதில்லை. 6% ஆனால் உடனே மாற்றுவார்கள். இந்த எண்ணைத் தருவது புள்ளியியல் அல்ல. மாற்றத்துக்கு ஆகும் செலவும் அதனால் வரும் ஆதாயமும்தான் அதைத் தீர்மானிக்கும். வணிக மாணவர் தன் சொந்த அறிவோடு உள்ளே வர வேண்டிய இடம் இதுதான். நாம் 1 சதவீதப் புள்ளி என்று வைத்துக்கொள்வோம்.

படி 2: எதோடு ஒப்பிடுகிறோம்?

இந்தப் படியில் நிதானமாக நில்லுங்கள். வணிக முடிவுகளில் நடக்கும் தவறுகளில் பெரும்பகுதி இங்கேதான் நடக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

மிக எளிதாகத் தோன்றும் வழி, முன்பு எவ்வளவு, பின்பு எவ்வளவு என்று பார்ப்பது. போன மாதம் பழைய பக்கம், இந்த மாதம் புதிய பக்கம். விற்பனை கூடினால் பக்கம்தான் காரணம் என்று அறிக்கை எழுதிவிடலாம். ஆனால் இந்த மாதம் பண்டிகைக் காலமாக இருக்கலாம். போட்டி நிறுவனம் விலையை ஏற்றியிருக்கலாம். விளம்பரப் பிரிவு தன் பங்குக்கு ஏதோ செய்திருக்கலாம். பக்கம் மாறிய அதே நேரத்தில் உலகமும் மாறிக்கொண்டிருந்தது.

முன்-பின் ஒப்பீட்டில் இன்னொரு ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. ஒரு நிறுவனம் சென்ற காலாண்டில் மிக மோசமாக விற்ற 10 விற்பனையாளர்களைப் பொறுக்கியெடுத்துப் பயிற்சி கொடுக்கிறது. அடுத்த காலாண்டில் அவர்கள் விற்பனை உயர்கிறது. பயிற்சியின் வெற்றியா? பயிற்சியே கொடுக்காமல் இருந்திருந்தாலும் அவர்களில் பலர் உயர்ந்திருப்பார்கள். கடைசி இடத்துக்கு ஒருவர் போவதில் திறமைக் குறைவோடு அந்தக் காலாண்டின் துரதிர்ஷ்டமும் சேர்ந்திருக்கும். துரதிர்ஷ்டம் அடுத்த முறையும் அதே ஆளிடம் அதே அளவில் வருவதில்லை. ஆகவே எண்கள் தாமாகவே சராசரியை நோக்கித் திரும்பும். முதலிடத்தில் இருந்தவர்களுக்குப் பரிசு கொடுத்தால் அடுத்த முறை அவர்கள் சரிவதும் இதே காரணத்தால்தான். பரிசு அவர்களைச் சோம்பேறியாக்கிவிட்டது என்று மேலாளர்கள் முடிவு கட்டுவது எவ்வளவு அநியாயம்!

ஒப்பீடு தவறினால் பெரிய நிறுவனங்களும் ஏமாறும். இணையச் சந்தை நடத்தும் ஈபே நிறுவனம் தேடுபொறிகளில் தன் பெயரையே விளம்பரச் சொல்லாக வாங்கி வைத்திருந்தது. 'ஈபே' என்று தேடுபவருக்கு மேலே விளம்பர இணைப்பும் கீழே இயல்பான இணைப்பும் தெரியும். விளம்பரத்தைச் சொடுக்கி வந்தவர்கள் நிறைய வாங்கினார்கள். கணக்கில் விளம்பரம் அள்ளிக் கொடுப்பதாகத் தெரிந்தது. 2012-இல் அங்கிருந்த பொருளாதார ஆய்வாளர்கள் சில தேடுபொறிகளில் மட்டும் அந்த விளம்பரத்தை நிறுத்திப் பார்த்தார்கள். விளம்பரம் வழியாக வந்துகொண்டிருந்த சொடுக்குகளில் 99.5% இயல்பான இணைப்பு வழியாகவே வந்து சேர்ந்தன. எப்படியும் வரவிருந்தவர்களுக்குத்தான் அதுவரை பணம் போய்க்கொண்டிருந்தது.

'விளம்பரம் இல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?' என்பதுதான் சரியான கேள்வி. நடக்காத ஒன்றை நேரடியாகப் பார்க்க முடியாது. அதற்குப் பதிலாக நிற்பதுதான் கட்டுப்பாட்டுக் குழு. மாற்றத்தைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் சோதனைக் குழுவைப் போலவே அது இருக்க வேண்டும். அதே காலத்தில் அளக்கப்படவும் வேண்டும்.

படி 3: யார் எந்தக் குழுவில் என்பதைச் சமவாய்ப்பு தீர்மானிக்கட்டும்

இரு குழுக்களும் ஒன்றுபோல இருப்பதை எப்படி உறுதி செய்வது? வயது, வருமானம், அனுபவம் என்று தெரிந்த காரணிகளைச் சமப்படுத்தலாம். தெரியாதவற்றை என்ன செய்வது? நாணயத்தைச் சுண்டிப் பிரித்தால் தெரிந்தவை, தெரியாதவை எல்லாமே இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவில் பரவிவிடும். மிச்சமிருக்கும் ஏற்றத்தாழ்வு எவ்வளவு இருக்கலாம் என்பதையும் கணக்கிட முடியும். பின்னால் வரும் அத்தனை சூத்திரங்களும் இதை நம்பித்தான் நிற்கின்றன.

"கண்ணை மூடிக்கொண்டு பிரித்தேன்" என்பது சமவாய்ப்பு ஆகாது. காலையில் வந்தவர்களுக்கு ஒன்று, மாலையில் வந்தவர்களுக்கு இன்னொன்று என்பதும் ஆகாது. காலை வாடிக்கையாளரும் மாலை வாடிக்கையாளரும் ஒரே மாதிரி ஆட்கள் இல்லை. விருப்பமுள்ளவர்கள் புதிய முறையில் சேரலாம் என்று விட்டால் நிலைமை இன்னும் மோசம். தாமாக முன்வருகிறவர்கள் ஏற்கெனவே ஆர்வமுள்ளவர்கள்.

செய்முறை எளிது. எக்செல்லில் பங்கேற்பாளர் பட்டியலுக்குப் பக்கத்துப் பத்தியில் ரேண்ட் ஃபங்ஷனைப் போட்டு எண்களை வரவழையுங்கள். அந்த எண்களை நகலெடுத்து, வெறும் மதிப்புகளாக ஒட்டி உறைய வையுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு முறை தாளைத் தொடும்போதும் எண்கள் மாறிக்கொண்டே இருக்கும். பிறகு அந்தப் பத்தியை வைத்து வரிசைப்படுத்தி, முதல் பாதியை ஒரு குழுவுக்கும் மறு பாதியை இன்னொன்றுக்கும் ஒதுக்குங்கள். ஆட்கள் குறைவாக இருந்து, ஒரு காரணி முடிவை வலுவாகப் பாதிக்கும் என்று தெரிந்தால், முதலில் அதன்படி தொகுதிகளாகப் பிரித்து ஒவ்வொரு தொகுதிக்குள்ளும் தனித்தனியாகக் குலுக்கலாம். உதாரணமாகப் பழைய ஊழியர்கள் தனியாக, புதியவர்கள் தனியாக.

எந்த அலகைக் குலுக்குகிறோம் என்பதையும் யோசியுங்கள். இணையக் கடையில் ஒவ்வொரு வருகையையும் குலுக்கினால், நேற்றுப் பழைய பக்கத்தைப் பார்த்தவர் இன்று புதியதைப் பார்த்துக் குழம்புவார். ஆளைக் குலுக்க வேண்டும். ஒருவருக்கு ஒருமுறை விழுந்த குழு கடைசிவரை மாறக் கூடாது. கிளைகளைக் குலுக்கினால் வேறொரு சிக்கல். 10 கிளைகளில் 5-இல் புதிய முறை, 5-இல் பழையது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கிளைக்கும் 1,000 வாடிக்கையாளர் வந்தாலும் உங்களிடம் 10,000 தனித்தனித் தரவுகள் இருப்பதாக எண்ணிவிடாதீர்கள். ஒரே கிளையின் வாடிக்கையாளர்கள் ஒரே மேலாளர், ஒரே சூழல் என்று ஒன்றுபோல நடந்துகொள்வார்கள். குலுக்கப்பட்டவை 10 தான். மாணவர் ஆய்வேடுகளில் இது கவனிக்கப்படாமல் போவதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் தரவைத் திரட்டி முடித்த பிறகு குலுக்கிய கிளைகளின் எண்ணிக்கையைக் கூட்ட வழியே கிடையாது.

படி 4: எத்தனை பேர் வேண்டும்?

"30 பேர் போதுமாமே?" என்று கேட்பார்கள். எல்லாக் கேள்விக்கும் பொருந்தும் அப்படி ஒரு மாய எண் இல்லை. எவ்வளவு சிறிய வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க விரும்புகிறீர்கள், தரவு எவ்வளவு சிதறிக் கிடக்கிறது என்ற இரண்டையும் பொறுத்தது அது.

சிதறலை அளப்பது திட்ட விலக்கம். ஒவ்வொரு மதிப்பும் சராசரியிலிருந்து பொதுவாக எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதை அது சொல்கிறது. திட்டப்பிழை வேறு. மாதிரியிலிருந்து நாம் கணக்கிட்ட சராசரி, உண்மையான சராசரியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கலாம் என்பதைச் சொல்வது அது. திட்ட விலக்கத்தை மாதிரி எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்தால் திட்டப்பிழை வரும். இந்த வர்க்கமூலத்தில்தான் செலவு இருக்கிறது: பிழையைப் பாதியாகக் குறைக்க நான்கு மடங்கு ஆட்கள் வேண்டும்.

கையால் போட்டுப் பார்க்க ஒரு தோராய விதி உண்டு. விகிதங்களை ஒப்பிடும்போது, குழு ஒன்றுக்கு வேண்டிய எண்ணிக்கை = 16 × விகிதம் × (1 − விகிதம்) ÷ வித்தியாசத்தின் வர்க்கம். நம் கடைக்கு: 16 × 0.05 × 0.95 ÷ (0.01 × 0.01) = 7,600. அதாவது குழுவுக்கு 7,600 பேர். 1 புள்ளிக்குப் பதில் அரைப் புள்ளி வித்தியாசத்தையும் பிடிக்க வேண்டுமென்றால் 30,400 பேர். சராசரிகளை ஒப்பிடும்போது விகிதப் பகுதிக்குப் பதிலாகத் திட்ட விலக்கத்தின் வர்க்கத்தைப் போடுங்கள். ஒரு வாடிக்கையாளர் அழைப்புக்கு ஆகும் நேரத்தின் திட்ட விலக்கம் 8 நிமிடம், 2 நிமிட வித்தியாசத்தைப் பிடிக்க வேண்டும் என்றால் 16 × 64 ÷ 4 = 256 அழைப்புகள், ஒவ்வொரு குழுவிலும்.

அந்த 16-க்குள் இரண்டு ஒப்பந்தங்கள் ஒளிந்திருக்கின்றன. வித்தியாசமே இல்லாதபோது இருப்பதாகச் சொல்லிவிடும் தவறுக்கு 5% வாய்ப்பு வரை ஏற்றுக்கொள்கிறோம். இது முதல் வகைப் பிழை. நாம் குறித்த அளவு வித்தியாசம் உண்மையில் இருக்கும்போது அதைப் பிடிக்க 80% வாய்ப்பு இருக்க வேண்டும் என்கிறோம். இதற்குச் சோதனையின் திறன் என்று பெயர். மீதி 20% கோட்டை விடும் வாய்ப்பு. அது இரண்டாம் வகைப் பிழை. இந்த எண்கள் வழக்கத்தில் வந்தவை. ஒரு தவறான முடிவு நிறுவனத்துக்கு மிகப் பெரிய நஷ்டம் தரும் என்றால் 5%-ஐ 1% ஆக்குவதில் தவறே இல்லை. ஆட்கள் கூடுதலாக வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

கணக்குப் போட்டுப் பார்த்து, அத்தனை பேர் கிடைக்க மாட்டார்கள் என்று தெரிந்தால்? அதுவும் பயனுள்ள செய்தி. கேள்வியை மாற்றுங்கள், அல்லது இன்னும் துணிச்சலான மாற்றத்தைச் சோதியுங்கள்.

படி 5: திட்டத்தை எழுதித் தேதி போடுங்கள்

கேள்வி, அளவீடு, குழுப் பிரிப்பு, எண்ணிக்கை, முடிக்கும் நாள், செய்யப்போகும் சோதனை. ஒரு பக்கம் போதும். நம் கடைக்குக் குழுவுக்கு 10,000 பேர் என்று சற்றுத் தாராளமாக வைத்து, வாரத்தின் ஏழு நாள்களும் சம அளவில் வரும்படி முழுதாக இரண்டு வாரம் ஓட்டுவதாக எழுதுவோம்.

சரி, ஏன் முன்கூட்டியே எழுத வேண்டும்? பாதியில் எட்டிப் பார்க்கும் ஆசையை அடக்கத்தான். தினமும் கணக்குப் போட்டுப் பார்த்து, முடிவு நமக்குச் சாதகமாகத் தெரிந்த கணத்தில் நிறுத்தினால் 5% என்ற பேச்சுக்கே அர்த்தம் இல்லாமல் போகும். சம இடைவெளியில் 10 முறை எட்டிப் பார்த்து, ஏதாவது ஒரு முறை எல்லையைத் தாண்டியதும் வெற்றி என்று அறிவித்தால், தவறான வெற்றிக்கான வாய்ப்பு கிட்டத்தட்ட 19% ஆகிவிடும். பாதியில் பார்த்தே ஆக வேண்டிய சூழல் உண்டு என்றால் அதற்கென்றே வரிசைமுறைச் சோதனைகள் இருக்கின்றன. அவற்றையும் முதலிலேயே திட்டத்தில் எழுத வேண்டும்.

படி 6: ஓட்டுங்கள், ஆனால் தரவு வரும் குழாய்களைச் சரிபாருங்கள்

முடிவைப் பார்க்காமலே சரிபார்க்கக்கூடிய ஒன்று, குழுக்களின் எண்ணிக்கை. பாதிக்குப் பாதி குலுக்கியிருந்தும் ஒரு பக்கம் 10,000 பேர், மறு பக்கம் 9,000 பேர் என்று வந்தால் அதைத் தற்செயல் என்று தள்ளிவிடாதீர்கள். 19,000 பேரில் பாதி 9,500. சமவாய்ப்பால் மட்டும் அதிலிருந்து விலகக்கூடிய வழக்கமான அளவு ஏறக்குறைய 69 தான். இங்கே விலகல் 500. புதிய பக்கம் சில கைபேசிகளில் திறக்காமல் போயிருக்கலாம், அல்லது பதிவு விட்டுப்போயிருக்கலாம். காரணம் தெரியும்வரை அந்த முடிவைத் தொடக் கூடாது.

நேரம் இருந்தால் உண்மையான சோதனைக்கு முன் இரு குழுவுக்கும் பழைய பக்கத்தையே காட்டிப் பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால் கருவியில் கோளாறு இருக்க வாய்ப்புண்டு.

படி 7: சோதனைக்கு முன் தரவைக் கண்ணால் பாருங்கள்

ஒன்பது அழைப்புகளுக்கு ஆன நேரம் நிமிடங்களில்: 4, 5, 5, 6, 6, 7, 8, 9, 40. கூட்டினால் 90, சராசரி 10. ஆனால் ஒன்பதில் எட்டு அழைப்புகள் 10 நிமிடத்துக்குள்ளேயே முடிந்திருக்கின்றன. வரிசையில் நடுவில் நிற்கும் இடைநிலை அளவு 6. "வாடிக்கையாளர் சராசரியாக 10 நிமிடம் பேசுகிறார்" என்ற வாக்கியம் கணக்கில் சரி, புரிதலில் தவறு. வருமானம், ஆர்டர் தொகை, காத்திருப்பு நேரம் எல்லாம் பெரும்பாலும் இப்படி ஒரு பக்கம் வால் நீண்டவை. முதலில் ஒரு அலைவெண் வரைபடம் போட்டுப் பாருங்கள். அந்த 40 தட்டச்சுப் பிழையா, உண்மையிலேயே நீண்ட அழைப்பா என்று விசாரியுங்கள். பிடிக்கவில்லை என்பதற்காக அதை அழித்துவிடக் கூடாது.

படி 8: இப்போதுதான் சோதனை

எதைப் பயன்படுத்துவது என்பது அளவீட்டின் வகையைப் பொறுத்தது. இரு குழுக்களின் சராசரிகள் என்றால் டி-சோதனை. டப்ளினில் இருந்த கின்னஸ் மதுபான ஆலையில் வேலை பார்த்த வில்லியம் கோசெட் உருவாக்கியது அது. சின்னச் சின்ன மாதிரிகளை வைத்தே முடிவெடுக்க வேண்டிய நெருக்கடி அவருக்கு. 1908-இல் 'ஸ்டூடண்ட்' என்ற புனைபெயரில் வெளியிட்டார். மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட குழுக்களின் சராசரிகள் என்றால் மாறுபாட்டுப் பகுப்பாய்வு. வாங்கினார், வாங்கவில்லை என்பது போன்ற எண்ணிக்கைகள் என்றால் விகிதங்களுக்கான இசட்-சோதனை அல்லது கை-வர்க்கச் சோதனை. தொடக்க நிலையில் இவ்வளவு போதும்.

எல்லாச் சோதனைக்கும் உள்ளே இருக்கும் யோசனை ஒன்றுதான். அதை விளக்க ஃபிஷர் சொன்ன தேநீர்ச் சோதனையைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. கோப்பையில் முதலில் ஊற்றியது பாலா தேநீரா என்று குடித்துப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்றார் ஒரு பெண்மணி. எட்டுக் கோப்பைகள் தயாராகின்றன. நான்கில் பால் முதலில், நான்கில் தேநீர் முதலில். வரிசையைக் குலுக்கி அவரிடம் கொடுத்து, பால் முதலில் ஊற்றிய நான்கைப் பொறுக்கச் சொல்ல வேண்டும். அவருக்கு எந்தத் திறமையும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். இதுதான் இன்மைக் கருதுகோள். எட்டிலிருந்து நான்கைப் பொறுக்க 70 வழிகள் உண்டு. நான்கும் சரியாக அமைவது அவற்றில் ஒன்றே ஒன்று. 70-இல் 1, அதாவது சுமார் 1.4%. குருட்டு அதிர்ஷ்டத்தில் இது நடப்பது அரிது. ஆகவே திறமை இல்லை என்ற அனுமானத்தைச் சந்தேகிக்கலாம். நான்கில் மூன்று மட்டும் சரி என்றால்? அதற்கு 16 வழிகள். நான்கும் சரியாவதையும் சேர்த்தால் 70-இல் 17, ஏறக்குறைய 24%. வெறும் ஊகத்திலேயே அடிக்கடி நடக்கக்கூடியது இது. நான்கில் மூன்று என்று கேட்கும்போது பிரமாதமாகத் தோன்றினாலும் அது ஆதாரமாகாது.

அந்த 1.4%, 24% இரண்டும்தான் பி-மதிப்பு. வித்தியாசமே இல்லை என்று வைத்துக்கொண்டால், நாம் கண்ட அளவோ அதைவிடப் பெரிய அளவோ தற்செயலாகத் தென்பட எவ்வளவு வாய்ப்பு? அவ்வளவுதான் அதற்குப் பொருள். "எங்கள் கருத்து தவறாக இருக்க 3% வாய்ப்பு" என்று அதைப் படிக்கக் கூடாது. அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் 2016-இல் பி-மதிப்பு பற்றித் தனியாக ஒரு அறிக்கையே வெளியிட வேண்டியிருந்தது. ஒரு எல்லைக் கோட்டைத் தாண்டியதா என்பதை மட்டும் வைத்து வணிக முடிவோ கொள்கை முடிவோ எடுக்கக் கூடாது என்று அதில் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள்.

நம் கடைக்கு வருவோம். பழைய பக்கம்: 10,000 பேரில் 500 பேர் வாங்கினார்கள், 5.0%. புதிய பக்கம்: 10,000 பேரில் 570 பேர், 5.7%. வித்தியாசம் 0.7 புள்ளி. அதன் திட்டப்பிழை சுமார் 0.32 புள்ளி. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் 2.2, அதற்கான பி-மதிப்பு ஏறக்குறைய 0.028. எல்லையான 0.05-க்குக் கீழே. பலர் இங்கேயே நிறுத்திவிட்டுக் கைதட்டுவார்கள்.

நிறுத்தாதீர்கள். திட்டப்பிழையை 1.96-ஆல் பெருக்கி வித்தியாசத்தின் இரு பக்கமும் வையுங்கள். 0.08 முதல் 1.32 புள்ளி வரை என்று 95% நம்பிக்கை இடைவெளி கிடைக்கும். இதே முறையில் சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்தால், இப்படி அமையும் இடைவெளிகளில் 95% உண்மையான வித்தியாசத்தைத் தமக்குள் கொண்டிருக்கும். மேலாளருக்கு உதவுவது இந்த இடைவெளிதான். புதிய பக்கம் பழையதைவிட மேல் என்பதற்கு நியாயமான ஆதாரம் கிடைத்திருக்கிறது. ஆனால் நாம் எதிர்பார்த்த 1 புள்ளியை அது எட்டுமா என்பது இன்னும் திறந்த கேள்வி. மிகச் சிறிய ஆதாயமாகவும் இருக்கலாம். மாற்றச் செலவு அற்பம் என்றால் மாற்றிவிடலாம். பெரிய முதலீடு வேண்டும் என்றால் இன்னொரு முறை சோதித்துப் பார்ப்பது நல்லது.

படி 9: தோண்டிக்கொண்டே போகாதீர்கள்

மொத்தத்தில் வித்தியாசம் தெரியவில்லையா? உடனே பெண்கள் தனியாக, இளைஞர் தனியாக, கைபேசி தனியாக, திங்கட்கிழமை தனியாக என்று உடைத்து உடைத்துப் பார்க்கத் தோன்றும். எந்த வித்தியாசமுமே இல்லாத, ஒன்றையொன்று சாராத 20 ஒப்பீடுகளை 5% அளவில் செய்தால், ஒன்றாவது 'வெற்றி' என்று வர 64% வாய்ப்பு இருக்கிறது. தேடினால் கிடைக்கும், கிடைத்ததெல்லாம் உண்மை ஆகாது. எந்தப் பிரிவுகளைப் பார்ப்போம் என்று திட்டத்தில் எழுதியிருந்தால் பாருங்கள், ஒப்பீடுகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப எல்லையையும் இறுக்குங்கள். 0.05-ஐ ஒப்பீடுகளின் எண்ணிக்கையால் வகுப்பது எளிய வழி. எதிர்பாராமல் கண்ணில் பட்டதை அடுத்த சோதனைக்கான கருதுகோளாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

சோதனையே செய்ய முடியாத இடங்கள்

மாணவர்களில் பலருக்குக் கையில் இருப்பது கேள்வித்தாள் மட்டும்தான். அதில் தவறில்லை. ஆனால் யாரைக் கேட்டோம் என்பதுதான் அங்கே வடிவமைப்பு. 1936 அமெரிக்கத் தேர்தலுக்கு முன் 'லிட்டரரி டைஜஸ்ட்' பத்திரிகை சுமார் 1 கோடிப் பேருக்கு வாக்குச்சீட்டு அனுப்பி, 23 லட்சத்துக்கும் மேற்பட்ட பதில்களைப் பெற்றது. குடியரசுக் கட்சி வேட்பாளர் லாண்டன் ஜெயிப்பார் என்று கணித்தது. அப்போது அதிபராக இருந்த ரூஸ்வெல்ட் 60%-க்கு மேல் வாக்கு வாங்கி ஜெயித்தார். பத்திரிகையின் பட்டியல் தொலைபேசி, கார் வைத்திருப்போர் பக்கம் சாய்ந்திருந்தது; பதில் அனுப்பியவர்களும் அனுப்பாதவர்களும் ஒரே மாதிரி ஆட்களாக இல்லை. சாய்வான மாதிரியை எத்தனை மடங்கு பெரிதாக்கினாலும் சாய்வு போகாது. நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் அனுப்பி வாங்கிய 400 பதில்களுக்கும் இதே கதிதான்.

அப்படித் திரட்டிய தரவில் இரண்டு மாறிகளுக்கு இடையே ஒட்டுறவு தெரிந்தால், "தொடர்பு காணப்படுகிறது" என்று எழுதுங்கள். "இதனால் அது நடக்கிறது" என்று எழுத வேண்டாம். அந்த ஒரு சொல்லை மாற்றுவதற்கே நேர்மை வேண்டும்.

சோதனை செய்ய முடிகிற இடத்திலும் செய்யலாமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். ஃபேஸ்புக் 2012 ஜனவரியில் ஒரு வாரம் 6,89,003 பயனர்களின் செய்தி ஓட்டத்தில் மகிழ்ச்சியான அல்லது சோகமான பதிவுகளைக் குறைத்துப் பார்த்தது. 2014-இல் ஆய்வு வெளிவந்தபோது கடும் எதிர்ப்பு எழுந்தது. யாரிடமும் தனியாக ஒப்புதல் கேட்கவில்லை என்பதே காரணம். மாணவர் ஆய்வு என்றால் பங்கேற்பவரிடம் சொல்லி, சம்மதம் பெற்று, எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்பதையும் தெரிவித்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

படி 10: அறிக்கை

திட்டம் எழுதிய நாள், குழுப் பிரித்த விதம், ஒவ்வொரு குழுவிலும் எத்தனை பேர், இடையில் எத்தனை பேர் விலகினார்கள், வித்தியாசம் எவ்வளவு, நம்பிக்கை இடைவெளி எது, பி-மதிப்பு என்ன, கண்காணிப்பு அளவீடுகள் என்ன ஆயின. திட்டத்திலிருந்து எங்கே விலகினீர்கள் என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள். புதிய குழுவில் ஒதுக்கப்பட்டும் புதிய முறையைப் பயன்படுத்தாதவர்களைக் கணக்கிலிருந்து நீக்காதீர்கள். ஒதுக்கப்பட்டபடியே ஒப்பிடுங்கள். நீக்கினால் படி 3-இல் பட்ட பாடு அத்தனையும் வீண்.

வித்தியாசம் எதுவும் தெரியவில்லை என்றால் ஆய்வு தோற்றுவிட்டதாகப் பல மாணவர்கள் கலங்குகிறார்கள். மைக்ரோசாஃப்டில் முறையாகச் சோதிக்கப்பட்ட யோசனைகளில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் எதிர்பார்த்த அளவீட்டை உயர்த்தியது என்று அங்கே சோதனைப் பிரிவை நடத்தியவர்களே எழுதியிருக்கிறார்கள். அத்தனை யோசனைகளும் அனுபவசாலிகள் நம்பிக்கையோடு கொண்டுவந்தவை. ஆகவே வித்தியாசம் தெரியாத முடிவையும் இடைவெளியோடு எழுதுங்கள். "வித்தியாசம் −0.2 முதல் +0.3 புள்ளிக்குள் இருக்கலாம்" என்று வந்தால், 1 புள்ளி ஆதாயம் என்ற எதிர்பார்ப்பை ஓரமாக வைத்துவிட்டு நிறுவனம் வேறு வேலை பார்க்கலாம். "−3 முதல் +4 வரை" என்று வந்தால் சோதனை சிறியது, எதையும் சொல்ல முடியவில்லை என்று பொருள். இரண்டும் ஒரே பி-மதிப்பு அட்டவணையில் 'வித்தியாசம் இல்லை' என்றே பதிவாகும். எது எந்த வகை என்பதை வாசகருக்குப் பிரித்துக் காட்டும் வரியை உங்கள் அறிக்கையின் முதல் பத்தியிலேயே வையுங்கள்.